சைக்காலஜி முதல் தாள்: திரும்ப வாசிப்பதா, நோட்ஸ் எழுதுவதா, புத்தகத்தை மூடிவைத்துச் சொல்லிப் பார்ப்பதா?

"மேடம், மெமரி யூனிட்ட நாலு தடவ படிச்சிட்டேன். இன்னொரு தடவ படிக்கட்டுமா, இல்ல நோட்ஸ் எழுதட்டுமா?"

செமஸ்டர் நெருங்கினால் என் போனுக்கு வரும் கேள்விகளில் பாதி இதுதான், யூனிட் பெயர் மட்டும் மாறும். போன வாரம் கேட்டது காரிமங்கலம் பக்கத்து நர்சிங் முதலாண்டுப் பெண். அதற்கு முந்தைய வாரம் ஊத்தங்கரையிலிருந்து பி.எட். படிக்கும் ஒருவர். பி.எஸ்சி. சைக்காலஜி எடுத்தவர்களுக்கு மட்டும்தான் இந்தப் பாடம் என்று நினைக்க வேண்டாம். நர்சிங், பி.எட்., சமூகப்பணி என்று பல படிப்புகளில் அறிமுக உளவியல் ஏதோ ஒரு பெயரில் வந்து நிற்கிறது. எங்கள் தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்துப் பிள்ளைகளில் நிறையப் பேர் பிளஸ் டூ வரை தமிழ்வழியில் படித்தவர்கள், பள்ளியில் இந்தப் பாடத்தைக் கண்ணால் பார்த்ததே இல்லை. காலையில் பென்னாகரத்திலோ பாலக்கோட்டிலோ பஸ் ஏறி, சாயங்காலம் வீடு திரும்பி, வீட்டு வேலையும் முடித்து உட்கார்ந்தால் படிக்கக் கிடைப்பது இரண்டு மணி நேரம். அந்த இரண்டு மணி நேரத்தை எதில் போடுவது என்பதுதான் உண்மையான கேள்வி.

இதற்கான பதில் அந்தத் தாளுக்குள்ளேயே இருக்கிறது. கற்றல் யூனிட்டிலும் நினைவு யூனிட்டிலும் இருப்பதெல்லாம் மனிதன் எப்படிக் கற்கிறான், எப்படி மறக்கிறான் என்று நூறு வருஷத்துக்கு மேலாகச் செய்து பார்த்த சோதனைகள்தான். அதை ஐந்து மார்க் விடையாக மனப்பாடம் செய்துவிட்டு, தன் படிப்புக்கு எடுத்துப் போட்டுப் பார்க்காமல் விடும் பிள்ளைகளைப் பார்க்கும்போது எனக்கு உண்மையாகவே மனசு கஷ்டமாக இருக்கிறது. அதனால்தான் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

## முதலில், எதை வைத்து முடிவு செய்வது?

ஒரு வாரம் கழித்து எவ்வளவு நிற்கிறது என்பதை முதலில் பாருங்கள். மற்ற எல்லாவற்றையும்விட இதற்குத்தான் எடை அதிகம். இன்று ராத்திரி படித்து முடிக்கும்போது எவ்வளவு தெரிகிறது என்பதைக் கணக்கில் எடுக்க வேண்டாம், அந்த நேரத்தில் எந்த முறையில் படித்திருந்தாலும் எல்லாம் தெரிந்த மாதிரிதான் இருக்கும்.

இரண்டாவது, எனக்கு எது தெரியவில்லை என்பதை இந்த முறை காட்டிக்கொடுக்கிறதா என்று பார்க்க வேண்டும். அப்புறம் நேரம், கையில் இருப்பது இரண்டே மணி. விடை எழுதும் விதமும் முக்கியம்: இரண்டு மார்க் வரையறைக்கு வேண்டிய படிப்பு வேறு, 'வேறுபடுத்துக' என்று கேட்டால் வேண்டிய படிப்பு வேறு, பத்து மார்க் கட்டுரைக்கு வேறு. அதிலும் தமிழில் யோசித்து ஆங்கிலத்தில் எழுத வேண்டியவர்களுக்கு இன்னொரு படி கூடுதல். கடைசியாக, தேர்வுக்கு இன்னும் எத்தனை நாள் இருக்கிறது. முப்பது நாள் இருப்பவருக்குச் சொல்வதை நாளைக்குப் பரீட்சை என்பவருக்குச் சொல்ல முடியாது.

ஒன்றை மட்டும் இந்தப் பட்டியலில் சேர்க்கவில்லை. "நான் பார்த்துப் படிக்கிற ஆளு மேடம், அவன் கேட்டுப் படிக்கிற ஆளு" என்று பலர் சொல்கிறார்கள். சில இடங்களில் ஆசிரியர்களே அப்படிச் சொல்லிக்கொடுக்கிறார்கள். 2008-இல் பாஷ்லர் உள்ளிட்ட நான்கு உளவியலாளர்கள் இது சம்பந்தமான ஆய்வுகளை எல்லாம் எடுத்து அலசினார்கள். அவரவர் பாணிக்கு ஏற்றபடி சொல்லிக்கொடுத்தால் நன்றாகக் கற்பார்கள் என்பதற்குப் போதுமான ஆதாரம் இல்லை என்பதுதான் அவர்கள் கண்டது. ஒருவருக்குப் படம் பார்க்கப் பிடிக்கும், ஒருவருக்குக் கேட்கப் பிடிக்கும், அது உண்மை. பிடித்த முறையில்தான் நன்றாக ஏறும் என்று அதிலிருந்து சொல்ல முடியாது.

## திரும்பத் திரும்ப வாசிப்பது

ஹைலைட்டர் போடுவதையும் இதிலேயே சேர்த்துக்கொள்கிறேன், இரண்டும் பெரும்பாலும் ஒன்றாகத்தான் நடக்கின்றன.

என் வகுப்பில் ஒரு பையன் மூன்று நிறத்தில் ஹைலைட்டர் வைத்திருப்பான். கற்றல் யூனிட்டில் பக்கம் பக்கமாக மஞ்சள், ரோஸ், பச்சை. ஒருநாள் அவனிடம், "புத்தகத்தை மூடிட்டுச் சொல்லு தம்பி, நெகட்டிவ் ரீஇன்ஃபோர்ஸ்மென்டுக்கும் தண்டனைக்கும் என்ன வித்தியாசம்?" என்றேன். "நெகட்டிவ்னா கெட்டது மேடம், அதனால அதுவும் தண்டனை மாதிரிதான்." புத்தகத்தைத் திறந்து பார்த்தால், இரண்டும் ஒன்றல்ல என்று சொல்லும் அதே வரிக்கு ரோஸ் கலர் அடித்து வைத்திருக்கிறான். கண் அந்த வரி மேல் எத்தனை தடவை போயிருக்கும்! ஒரு தடவைகூட அந்த வரி அவனிடம் கேள்வி கேட்கவில்லை.

(இன்னும் குழப்பம் இருப்பவர்களுக்காக: கொசுவர்த்தி ஏற்றினீர்கள், கொசுத் தொல்லை போனது, அதனால் மறுநாளும் மறக்காமல் ஏற்றுகிறீர்கள். தொல்லையை எடுத்ததால் ஒரு செயல் கூடுகிறது, அதுதான் நெகட்டிவ் ரீஇன்ஃபோர்ஸ்மென்ட். தண்டனை செயலைக் குறைக்கும். நெகட்டிவ் என்றால் இங்கே 'எடுத்துவிடுவது', கெட்டது என்ற பொருளே இல்லை.)

ரோடிகர், கார்ப்பிக் என்ற இரண்டு பேர் 2006-இல் வெளியிட்ட சோதனை ஒன்று இந்தக் கேள்விக்கு நேராகவே பதில் சொல்கிறது. கல்லூரி மாணவர்களுக்கு ஒரு சிறு பாடப்பகுதி. ஒரு குழு நான்கு சுற்றும் வாசித்துக்கொண்டே இருந்தது, கணக்குப் பார்த்தால் சராசரியாக ஆளுக்குப் பதினான்கு தடவைக்கு மேல். இன்னொரு குழுவுக்கு முதல் சுற்றில் மட்டும் வாசிப்பு. அதில் மூன்று தடவைக்குக் கொஞ்சம் மேல் வாசித்திருந்தார்கள். பிறகு மூன்று சுற்றும் தாளைப் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது வாசித்தே இருந்தவர்கள்தான் முன்னால் நின்றார்கள், 83-க்கு 71 சதவீதம். ஒரு வாரம் கழித்து அது அப்படியே தலைகீழ்: வாசித்தவர்களுக்கு 40, எழுதிப் பார்த்தவர்களுக்கு 61. இதில் என்னை மிகவும் உறுத்துவது வேறு. ஒரு வாரம் கழித்து எவ்வளவு ஞாபகம் இருக்கும் என்று முன்கூட்டியே கேட்டபோது, அதிக நம்பிக்கையோடு பதில் சொன்னவர்கள் வாசித்துக்கொண்டே இருந்த குழுவினர்தான்.

திரும்ப வாசிப்பதில் மறைந்திருக்கும் செலவு இதுதான். நேரம் போகிறது என்பதைக்கூட விட்டுவிடலாம். தெரிந்துவிட்டது என்ற பொய் நிம்மதியைக் கொடுத்து, இன்னும் உழைக்க வேண்டிய இடத்தில் உங்களை எழுந்து போக வைத்துவிடுகிறது. வரி பழகிப்போவதை நாம் பாடம் புரிந்ததாக எடுத்துக்கொள்கிறோம்.

சரி, வாசிப்பே வேண்டாமா? அப்படிச் சொல்லவில்லை. முதல் தடவை புரியவில்லை என்றால் இரண்டாவது தடவை வாசித்துத்தான் ஆக வேண்டும், புரியாததை மூடிவைத்துச் சொல்லிப் பார்ப்பதில் பயனில்லை. தேர்வு அறைக்குப் போகும் முன் கடைசி அரைமணியில் ஒரு புரட்டுப் புரட்டுவதும் நல்லதுதான், அந்த 83 சதவீதம் நமக்கு உதவுவது அப்போதுதான். யூடியூபில் தமிழ் விளக்கம் பார்ப்பதையும் இந்தக் கணக்கிலேயே வையுங்கள். முதல் புரிதலுக்கு நல்லது, மூன்றாம் தடவை பார்ப்பது மூன்றாம் தடவை வாசிப்பதைப் போலத்தான்.

## நோட்ஸ் எழுதுவது

இதற்கு எங்கள் பக்கத்தில் மரியாதை அதிகம். நல்ல கையெழுத்தில், தலைப்புக்கு ஒரு கலர், கீழே ஸ்கேல் வைத்துக் கோடு. அம்மா அப்பாவுக்கும் பார்க்கத் திருப்தி, பிள்ளை ராத்திரியெல்லாம் எழுதுகிறது என்று. நானும் படிக்கும் காலத்தில் அப்படித்தான் இரண்டு நோட்டு நிரப்பினேன், அதனால் இதன் மேல் எனக்குப் பாசம் உண்டு.

ஆனால் நோட்ஸ் என்ற ஒரே பெயரில் இரண்டு வேலை நடக்கிறது. புத்தகத்தைத் திறந்துவைத்து அதிலிருந்து எழுதுவது ஒன்று. வாசித்துவிட்டு மூடிவைத்து எழுதுவது இன்னொன்று. முதலாவது பெரும்பாலும் நகல் எடுப்பது, கை வலிக்கும், மூளை சும்மா இருக்கும். 2013-இல் டன்லாஸ்கி உள்ளிட்ட ஐந்து பேர் பத்துப் படிப்பு முறைகளை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு ஆதாரம் இருக்கிறது என்று எடைபோட்டார்கள். திரும்ப வாசிப்பு, ஹைலைட்டர், சுருக்கம் எழுதுவது மூன்றும் 'பயன் குறைவு' என்ற வரிசையில் போயின. சுருக்கம் எழுதுவது அங்கே போனதற்குக் காரணம் இருக்கிறது. நன்றாகச் சுருக்கத் தெரிந்தவர்களுக்கு அது உதவும், ஆனால் அதற்குப் பயிற்சி வேண்டும், பயிற்சி இல்லாதவர்கள்தான் அதிகம். மேலே வந்தவை இரண்டே இரண்டு: தன்னைத்தானே சோதித்துக்கொள்வது, நாள் விட்டு நாள் பிரித்துப் படிப்பது.

மைண்ட் மேப் வரைகிறவர்களும் இருக்கிறார்கள். 2011-இல் கார்ப்பிக், பிளண்ட் இருவரும் செய்த சோதனையில், புத்தகத்தைப் பார்த்து அப்படி வரைபடம் வரைந்தவர்களைவிட, மூடிவைத்து நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் ஒரு வாரம் கழித்துத் தெளிவாக மேலே இருந்தார்கள். கடைசித் தேர்வையே வரைபடம் வரையச் சொல்லி வைத்தபோதும் அப்படித்தான்.

நோட்ஸுக்கு இன்னொரு மறைமுகச் செலவு உண்டு, ஜெராக்ஸ். சீனியர் நோட்ஸை ஜெராக்ஸ் எடுத்து, அதிலிருந்து இன்னொருவர் எழுதி, அதையும் ஜெராக்ஸ் எடுத்து என்று கை மாறிக்கொண்டே போகும், கூடவே தப்பும் போகும். மறதியை ஆராய்ந்த எபிங்ஹாஸ் பற்றிய விடையில் இதை நான் வருஷாவருஷம் பார்க்கிறேன். "ஒரு மாதத்துக்குப் பிறகு 21 சதவீதம்தான் நினைவில் இருந்தது" என்று எழுதுகிறார்கள். 1885-இல் வெளியிட்ட அவருடைய ஆய்வில் அந்த 21 வேறு பொருளில் வருகிறது. பொருளில்லாத அசைகளின் வரிசையை மனப்பாடம் செய்துவிட்டு, சில நாள் கழித்து அதே வரிசையைத் திரும்பக் கற்க முதல் தடவையைவிட எவ்வளவு நேரம் மிச்சமானது என்று அவர் அளந்தார். 20 நிமிடத்துக்குப் பின் 58 சதவீதம் மிச்சம், ஒரு நாள் கழித்து 34-க்குப் பக்கம், 31 நாள் கழித்து 21. வாயால் ஒரு அசையைக்கூடச் சொல்ல முடியாத நிலையிலும் திரும்பக் கற்க நேரம் மிச்சமாகலாம். மறந்துவிட்டது என்று நாம் நினைப்பதிலும் ஏதோ தங்கியிருக்கிறது என்பதைத்தான் அந்த எண் காட்டுகிறது, நகல் நோட்ஸில் அந்தப் பொருளே தொலைந்துவிட்டது.

நோட்ஸ்தான் சரி என்று நான் சொல்லும் இடங்களும் உண்டு. புத்தகம் இல்லாமல் வகுப்பில் சொல்வது மட்டுமே பாடமாக இருந்தால் நோட்ஸ் எடுக்காமல் முடியாது. ஒரு தலைப்பு மூன்று இடத்தில் சிதறிக் கிடந்தால் ஒரே பக்கத்துக்குக் கொண்டுவரலாம். பத்து மார்க் கட்டுரைக்கு வரிசை போட்டு வைக்கலாம்: முன்னுரை, ஆட்கின்சன் - ஷிஃப்ரின் 1968-இல் சொன்ன நினைவு மாதிரி (மாடல்), அதன் மூன்று நிலைகள், ஒரு படம், அதன் குறை. அவ்வளவு போதும், அதற்கு மேல் கலர் வேண்டாம்.

## மூடிவைத்துச் சொல்லிப் பார்ப்பது

செய்முறை சாதாரணமானது. மூன்று நான்கு பக்கம் புரியும்படி வாசியுங்கள். மூடுங்கள். வெள்ளைத்தாளில், ஞாபகத்தில் வருவதை எல்லாம் எழுதுங்கள், தமிழும் ஆங்கிலமும் கலந்து வந்தாலும் பரவாயில்லை. இனி வராது என்று தோன்றியதும் உடனே திறந்துவிடாமல் இன்னும் இரண்டு நிமிடம் உட்காருங்கள், அந்த இரண்டு நிமிடத்தில் ஒன்றோ இரண்டோ கண்டிப்பாக வரும். பிறகு புத்தகத்தைத் திறந்து சிவப்புப் பேனாவால் திருத்துங்கள். சிவப்பு விழுந்த இடம் மட்டும்தான் நாளைய பாடம்.

வரையறைகளுக்கும் பெயர்களுக்கும் சீட்டுப் போடலாம். வீட்டில் பழைய கல்யாணப் பத்திரிகைகள் கட்டுக்கட்டாகக் கிடக்கும், பின்பக்கம் காலியாக இருப்பதை நான்காக வெட்டினால் நல்ல கெட்டியான சீட்டு கிடைக்கும், காசு செலவே இல்லை. ஒரு பக்கம் கேள்வி, மறுபக்கம் விடை. "உளவியலின் முதல் ஆய்வகம் யார், எங்கே, எப்போது?" மறுபக்கம், "வுண்ட், லைப்சிக், 1879". "இந்தியாவில் முதல் உளவியல் துறை?" "கல்கத்தா பல்கலைக்கழகம், 1916". பஸ்ஸில் நின்றுகொண்டேகூடப் பார்க்கலாம்.

இதில் செலவே இல்லையா என்றால், இருக்கிறது. முதல் செலவு மனசுக்கு. நான்கு பக்கம் வாசித்துவிட்டு எட்டு வரி மட்டும் வந்தால் அழுகை வரும், "எனக்கு இந்தப் பாடம் வராது" என்று தோன்றும். பலர் இரண்டாம் நாளே விட்டுவிட்டுத் திரும்ப வாசிப்புக்குப் போவது இதனால்தான், அதில் அவர்கள் மேல் தப்புச் சொல்ல மாட்டேன், முன்கூட்டி யாராவது சொல்லியிருக்க வேண்டும். அந்தத் தவிப்பு வந்தால் முறை வேலை செய்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். தேடி எடுக்கும் அந்த முயற்சிதான் பாதையை உறுதியாக்குகிறது.

இரண்டாவது, திருத்தாமல் விட்டால் தப்பே பதிந்துவிடும். புரோஆக்டிவ் (பழசு புதுசை மறிப்பது), ரெட்ரோஆக்டிவ் (புதுசு பழசை மறிப்பது) என்ற இரண்டு குறுக்கீட்டையும் மாற்றிச் சொல்லிவிட்டுச் சரிபார்க்காமல் மூன்று நாள் சொன்னால் நான்காம் நாள் அந்தத் தப்பு சரளமாக வரும். சிவப்புப் பேனா இல்லாமல் இந்த முறையைத் தொடாதீர்கள். மூன்றாவது, புரியாமல் செய்தால் இதுவும் உரு அடிப்பதாகிவிடும். ஒவ்வொரு கருத்துக்கும் உங்கள் வீட்டு உதாரணம் ஒன்றைச் சேர்த்தே எழுதுங்கள். உதாரணம் வரவில்லை என்றால் கருத்து இன்னும் புரியவில்லை.

தமிழ்வழியில் வந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. முழு ஆங்கிலப் பத்தியை உரு அடித்து, நடுவில் ஒரு வார்த்தை விட்டுப்போனதும் மொத்தமும் நின்றுபோன விடைத்தாள்களை நான் நிறையத் திருத்தியிருக்கிறேன். கருத்தைத் தமிழில் சொல்லிப் பாருங்கள், கலைச்சொல்லை மட்டும் ஆங்கிலத்திலேயே எழுத்துப்பிழை இல்லாமல் பழகுங்கள், மூன்றாம் சுற்றில் சின்னச் சின்ன ஆங்கில வாக்கியமாக மாற்றுங்கள். உங்கள் தாளைத் தமிழிலேயே எழுத அனுமதி இருக்கிறதா என்று துறையில் முதல் மாதமே கேட்டுவிடுங்கள்.

## சேர்ந்து படிப்பது, ஒருவருக்குச் சொல்லிக்கொடுப்பது

இரண்டையும் ஒன்றாக நினைக்கிறார்கள். நடைமுறையில் ரொம்பவே வேறு.

நான்கு பேர் வட்டமாக உட்கார்ந்து ஆளுக்கு ஒன்றாகச் சொல்லிக்கொண்டு போனால் பாடம் முழுவதும் வந்துவிட்ட மாதிரி இருக்கும். வந்தது நால்வருக்கும் சேர்த்துத்தான், தேர்வு அறையில் உட்காரப் போவது ஒருவர். இதுபற்றி 1997-இல் வெல்டன், பெலிஞ்சர் செய்த ஆய்வு உண்டு. குழுவாகச் சேர்ந்து நினைவுகூர்ந்தால் தனி ஒருவரைவிட அதிகம் வரும். ஆனால் அதே எண்ணிக்கை ஆட்கள் தனித்தனியாக எழுதி, எழுதியதைச் சேர்த்துப் பார்த்தால் வருவது அதைவிடக் கூடுதல். ஒருவர் சொல்லும் வரிசை இன்னொருவரின் தேடலைக் கலைத்துவிடுகிறது. அதனால் குழுவாகப் படிப்பதென்றால் முதலில் இருபது நிமிடம் யாரும் பேசாமல் தனித்தனியாக எழுதுங்கள், பிறகு தாளை மாற்றித் திருத்துங்கள், அப்புறம் பேசுங்கள். இது தவிர, பேச்சு எங்கேயோ போய் ஒரு மணி நேரம் காணாமல் போவது உங்களுக்கே தெரிந்த செலவு.

சொல்லிக்கொடுப்பது அப்படி இல்லை. ஒரு மாணவி, வீட்டில் அம்மா பூக் கட்டுகிறவர். சாயங்காலம் பக்கத்தில் உட்கார்ந்து அவளும் நார் எடுத்துக் கொடுத்துக்கொண்டே பாவ்லவ் சோதனையை அம்மாவிடம் சொல்லியிருக்கிறாள். சோறு வைத்தால் நாய்க்கு எச்சில் ஊறும், சோறு வைக்கும் முன் ஒவ்வொரு தடவையும் மணி அடித்தார்கள், பிறகு மணிச் சத்தத்துக்கே எச்சில் ஊறியது. அம்மா முல்லையை முடிச்சுப் போட்டுக்கொண்டே கேட்டாராம்: "ஏம்மா, மணிய மட்டும் அடிச்சு அடிச்சு ஏமாத்திக்கிட்டே இருந்தா அந்த நாய்க்கு எத்தன நாளைக்குத்தான் எச்சி ஊறும்?"

அவளுக்குப் பதில் தெரியவில்லை. போய்ப் புத்தகத்தைப் பார்த்தால் அடுத்த பக்கத்திலேயே இருக்கிறது, எக்ஸ்டிங்ஷன். சோறு வராமல் மணி மட்டும் தொடர்ந்தால் எச்சில் மெல்லக் குறைந்து நின்றுபோகும். அதற்கப்புறம் சில நாள் இடைவெளி விட்டு மணி அடித்தால் கொஞ்சம் திரும்ப வரும், அதற்குத் தனிப் பெயர் இருக்கிறது, ஸ்பான்டேனியஸ் ரெகவரி. அந்த இரண்டு சொல்லும் அவளுக்கு இனி மறக்காது. பள்ளிக்கூடம் அதிகம் போகாத ஒருவர் கேட்கும் கேள்வி பல சமயம் பாடத்தின் அடுத்த பக்கமாகவே இருக்கிறது, ஏனென்றால் அவர் வார்த்தையைப் பிடித்துக்கொள்ளாமல் நடந்ததைப் பார்க்கிறார்.

இதற்கு ஆகும் செலவு, கேட்க ஒரு ஆள் வேண்டும், அவருக்குப் பொறுமையும் வேண்டும். எல்லா யூனிட்டையும் இப்படிச் சொல்ல நேரம் போதாது. கற்றல், நினைவு, ஊக்கம், ஆளுமை போன்ற கதையாகச் சொல்லக்கூடிய பகுதிகளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். நரம்பு செல் படத்தையும் மூளைப் பகுதிகளின் பெயரையும் வெள்ளைத்தாளில் வரைந்து பழகுவதுதான் சரி.

## ஒரே ராத்திரியா, பிரித்துப் படிப்பதா?

இது தனி முறை கிடையாது, மேலே சொன்ன எல்லாவற்றுக்கும் பொருந்தும் கேள்வி. எபிங்ஹாஸே இதையும் பார்த்துவிட்டார். பன்னிரண்டு அசை கொண்ட வரிசையை ஒரே நாளில் 68 தடவை சொல்லிவிட்டு மறுநாள் திரும்பக் கற்றபோது கிடைத்த பலன், மூன்று நாளில் பிரித்து 38 தடவை சொன்னதற்கே கிடைத்துவிட்டது. முப்பது தடவை மிச்சம். ஆறு மணி நேரம் படிக்கத்தான் முடியும் என்றால், ஞாயிற்றுக்கிழமை ஒரே மூச்சில் ஆறு மணி உட்காருவதைவிட மூன்று நாள் இரண்டிரண்டு மணியாக உட்காருங்கள்.

பிரித்துப் படிப்பதிலும் கஷ்டம் உண்டு. ஒவ்வொரு தடவை திரும்பும்போதும் பாதி மறந்திருக்கும், அது சோர்வு தரும். யூனிட் எது எப்போது என்று முன்கூட்டித் திட்டமும் போட வேண்டும். வீட்டில் அறுவடை, விசேஷம் என்று வந்தால் திட்டம் கலையும். கலைந்தால் விட்ட நாளை மட்டும் தள்ளிவையுங்கள், மொத்தத்தையும் கைவிட வேண்டாம்.

ஒரு ராத்திரிப் படிப்பு மறுநாள் தேர்வில் ஓரளவு கைகொடுக்கும், பொய் சொல்ல மாட்டேன். ஆனால் பின்னால் மனநல நர்சிங் வரும்போதோ, பி.எட். முடித்து வகுப்பில் ஒரு குழந்தை முன்னால் நிற்கும்போதோ அதிலிருந்து எடுக்க ஒன்றும் இருக்காது.

## ஒரே பார்வையில்

| | திரும்ப வாசிப்பு | நோட்ஸ் | மூடிவைத்து எழுதுவது | சொல்லிக்கொடுப்பது |
|---|---|---|---|---|
| ஒரு வாரம் கழித்து | குறைவு | திறந்துவைத்து எழுதினால் குறைவு | அதிகம் | நன்றாக நிற்கும் |
| தெரியாததைக் காட்டுமா | காட்டாது | பெரும்பாலும் காட்டாது | உடனே காட்டும் | கேட்பவர் கேள்வி கேட்டால் காட்டும் |
| நேரம் | கணக்கில்லாமல் போகும் | மிக அதிகம் | நடுத்தரம் | நடுத்தரம், ஆள் கிடைக்க வேண்டும் |
| எந்தக் கேள்விக்கு | எதற்கும் தனியாகப் போதாது | பத்து மார்க் கட்டுரை வரிசை | வரையறை, வேறுபடுத்துக, படம் | உதாரணத்தோடு விளக்குக |
| மறைந்திருக்கும் செலவு | தெரிந்துவிட்ட பிரமை | கைமாறி வரும் தப்பு | மனச்சோர்வு, திருத்தாவிட்டால் ஆபத்து | எல்லா யூனிட்டுக்கும் ஆகாது |
| எப்போது நல்லது | முதல் வாசிப்பு, கடைசி அரைமணி | புத்தகம் இல்லாத பாடம் | மற்ற எல்லா நாளும் | கதையாக வரும் பாடம் |

## யாருக்கு எது?

ஒரு மாதம் இருக்கிறது என்றால் யோசிக்கவே வேண்டாம். ஒரு வாசிப்பு, உடனே ஒரு மூடல், இரண்டு நாள் கழித்து ஒன்று, ஒரு வாரம் கழித்து ஒன்று. யூனிட்டுகளைக் கலந்து வையுங்கள், ஐந்து நாளும் ஒரே யூனிட்டில் கிடக்க வேண்டாம்.

ஒரு வாரம்தான் என்றால் பழைய வினாத்தாள்களை எடுத்து, அதில் அடிக்கடி வரும் தலைப்புகளை மட்டும் இதே முறையில். புது நோட்ஸ் ஆரம்பிக்கும் நேரம் அல்ல அது.

நாளைக்கே தேர்வு என்றால் வாசியுங்கள், ஒரு தடவை மூடி எழுதுங்கள், பிறகு தூங்குங்கள். கற்றபின் தூங்கியவர்களுக்கு, விழித்திருந்தவர்களைவிட மறதி குறைவு என்பது 1924-இல் ஜென்கின்ஸ், டாலன்பாக் செய்த சோதனையிலிருந்தே தெரிந்த விஷயம். விடிய விடிய உட்காருவது அந்த லாபத்தைக் கையால் தள்ளிவிடுவது.

தினம் தர்மபுரிக்கும் கிருஷ்ணகிரிக்கும் பஸ்ஸில் போய்வருகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன், வரிசை மறந்துபோகும் விடைகளுக்கு மட்டும். குழந்தையின் சிந்தனை வளர்வதில் பியாஜே சொன்ன நிலைகள் நான்கு, உங்கள் வழியில் பெரிய நிறுத்தங்களும் நான்கு. தர்மபுரி பஸ் ஸ்டாண்டில் கைக்குக் கிடைத்ததை எல்லாம் வாயில் வைக்கும் கைக்குழந்தை, இரண்டு வயது வரை. காரிமங்கலத்தில் நாலு வயசுப் பிள்ளை, ஒரே அளவு பாலை உயரமான டம்ளரில் ஊற்றினால் அதில்தான் அதிகம் என்று அடம்பிடிக்கிறது. காவேரிப்பட்டினத்தில் ஒன்பது வயசுப் பையன், மாங்காயைக் கூடையில் கொட்டினாலும் தரையில் பரப்பினாலும் எண்ணிக்கை மாறாது என்று சொல்லத் தெரிந்தவன், ஆனால் கையில் மாங்காய் வேண்டும். கிருஷ்ணகிரியில் இறங்குவது 'ஒருவேளை இப்படி இருந்தால்' என்று இல்லாததையும் யோசிக்கத் தெரிந்த பன்னிரண்டு வயசுப் பெண். ஒவ்வொரு நிறுத்தத்திலும் அந்த நிலையின் ஆங்கிலப் பெயரை மனசுக்குள் சொல்லுங்கள். வரிசை தவறாது. ஆனால் இது வரிசைக்கு மட்டும்தான் உதவும், பியாஜே மேல் வந்த விமர்சனங்களை எழுத வெள்ளைத்தாளிடம்தான் திரும்ப வர வேண்டும்.

காரிமங்கலம் பெண்ணுக்கு நான் அனுப்பிய பதில் இதன் சுருக்கம்தான்: ஐந்தாம் தடவை படிக்காதே, மூடிவைத்து எழுதி போட்டோ அனுப்பு. அன்று ராத்திரி ஒன்பதரைக்குப் போட்டோ வந்தது. முக்கால் பக்கம் எழுத்து, மீதி காலி. குறுகியகால நினைவின் அளவு, மில்லர், 1956, ஏழு கூட்டல் கழித்தல் இரண்டு என்பது சரியாக இருந்தது. குறுக்கீடு இரண்டும் இடம் மாறியிருந்தன. ஏடிஎம் பின் நம்பர் மாற்றிய பிறகும் கை பழைய நம்பரையே அழுத்தினால் அது புரோஆக்டிவ், பழசு புதுசை மறிக்கிறது. புதுசு பழகியபின் பழசு எவ்வளவு யோசித்தும் வராவிட்டால் ரெட்ரோஆக்டிவ். இதைச் சொல்லி, சிவப்புப் பேனாவால் திருத்தச் சொன்னேன். நாலு தடவை படித்தும் இவ்வளவுதானா மேடம் என்று ஒரு மெசேஜ், கூடவே அழும் முகம். வியாழக்கிழமை மறுபடி எழுதி அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.